ஒப்புக்குச் சப்பாணி

நன்மாறனுக்கு விளையாட்டைக் கண்டாலே ஆகாது. டிவியில் கால்பந்து ஓடினால் எழுந்து போய்விடுவான். பூங்கா வழியாகப் போக நேர்ந்தால் சறுக்குமரம் இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டான். அவனைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. அவன் மகள் அல்லிக்கு வயது ஏழு. அந்த ஏழு வயதுக்குள் அவளுக்கு ஏழு முறை எலும்பு முறிந்திருந்தது. பிறவியிலேயே வந்த எலும்பு நொறுங்கும் நோய். மருந்துகள் எவ்வளவோ வந்துவிட்ட காலம்தான். அவையெல்லாம் சேர்ந்து, கால்களில் கம்பிப்பட்டை கட்டிக்கொண்டு அவள் நடக்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தன. மூன்றாவது முறிவு, பலூனைப் பிடிக்க எட்டியபோது. ஐந்தாவது, தலையணையால் அம்மாவை அடித்தபோது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதை ஒருமுறை கேட்டவனுக்குக் குழந்தைகள் ஓடுவதைப் பார்த்து ரசிக்க மனம் வருமா?

அதனால் விளையாடாமலே வளர்வதற்கு ஒரு வழி உண்டா என்று அவன் தேட ஆரம்பித்தான்.

திருச்சிக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருந்த நீர்நாய் மீட்பு நிலையத்தில் அவன் நரம்புப் பொறியாளர். ஆற்றில் நீர்நாய்கள் அருகிப்போய்விட்டன. வலையில் மாட்டித் தாய் செத்துப்போன குட்டிகளை எடுத்து வளர்த்து, மறுபடி ஆற்றில் விடுவது நிலையத்தின் வேலை. அங்கே எல்லோருக்கும் தலைவலியாக இருந்தது குட்டிகளின் ஆட்டம்தான். கண் திறந்து நாலடி நடக்கத் தொடங்கியதிலிருந்து ஒன்றையொன்று கவ்வும், புரட்டும், சேற்றில் சறுக்கும், கூழாங்கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும். தின்ற மீனெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். காயம் சீழ்பிடித்துச் செத்த குட்டிகளும் உண்டு. இவ்வளவு இழந்தும் ஏன் விளையாடுகின்றன? வளர்ந்த பிறகு வேண்டிய வித்தைகளைப் பழகிக்கொள்ளத்தான் என்று நன்மாறன் முடிவு கட்டினான். வித்தையை வேறு வழியில் கொடுத்துவிட்டால் விளையாட்டுக்கு வேலை இல்லை என்பது அவன் கணக்கு.

அவன் கண்ட வழிக்குத் தூக்கப் பாடம் என்று பெயர். ஆற்றில் திரிந்த ஒரு பெட்டை நீர்நாயின் தலையில் அரிசி அளவு கருவி ஒன்றைப் பொருத்தி, ஓராண்டு முழுக்க அது நீந்தியது, மீன் பிடித்தது, முதலைக்குத் தப்பியது எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். அதைக் கழுத்துப்பட்டை வழியாகத் தூங்கும் குட்டிக்குள் ஓட்டினால், சில மாதங்களில் அந்த வித்தையெல்லாம் குட்டியின் உடம்புக்கு வந்துவிடும். பதிவைச் சுத்தம் செய்ததும் நன்மாறன்தான். பெட்டை வழுக்கிய இடம், குறி தவறிய இடம், பாதியில் விட்ட துரத்தல் என்று தேடித் தேடி வெட்டினான். அரிசியில் கல் பொறுக்குவது என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தடுமாற்றம் என்று திரையில் எங்கே பார்த்தாலும் அவனுக்கு அந்தச் சுள்ளிச் சத்தம் கேட்டது.

ஐந்து குட்டிகளுக்குப் பட்டை கட்டினார்கள். பாடம் கலையக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் தனித்தனித் தொட்டியில் வைத்தார்கள். இவை ஆற்றில் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் அடுத்த கட்டம் மனிதக் குழந்தைகள். அவர்களுக்குப் பட்டைக்குப் பதிலாகத் தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு தொப்பி. ஏறுவது, தாண்டுவது, தடுக்கினால் சமாளிப்பது எல்லாம் ஒருமுறைகூட விழாமல் வந்துவிடும். மூன்று வருஷம் பாடம் நடக்கும், அதுவரை ஓட்டமும் ஆட்டமும் கூடாது, அவ்வளவுதான். குழந்தைகள் பட்டியலில் முதல் பெயர் அல்லி.

ஆறாவதாக ஒரு குட்டி இருந்தது. தொண்டையில் வெள்ளைப் பொட்டு, எலிக்குஞ்சு மாதிரி உடம்பு. பட்டை கட்டினால் கழுத்து புண்ணாகிவிட்டது, அதனால் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். பராமரிப்பாளர் ரெஜினா அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொட்டு என்று பெயர் வைத்து, குவார்ட்டர்ஸ் பின்கட்டில் வளர்த்தாள். அது ஒரு தேங்காய் மட்டையை வைத்துக்கொண்டு செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த வீடுதான் நன்மாறனுடையது. அல்லி பின்வாசல் படியில் உட்கார்ந்து நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு துணை இல்லாத பிள்ளை, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவன் விட்டுவிட்டான்.

ஒருநாள் அவனும் நின்று பார்த்தான். பின்கட்டில் ஒரு சரிவில் சேறு குழைத்து வைத்திருந்தாள் ரெஜினா. பொட்டு ஏறும், உச்சியில் கால் இடறும், தலைகுப்புற உருண்டு வரும், மறுபடி ஏறும். பழக்க தோஷத்தில் அவன் எண்ணினான். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு தடவை விழுந்தது.

“இது ஆத்துல ஒரு நாள் தாங்காது ரெஜினா” என்றான்.

“ஏறும்போது பாருங்க சார், எவ்வளவு ஒழுங்கா ஏறுது. விழறதுக்குன்னே ஏறுது, பொறுக்கி” என்றாள் ரெஜினா. திட்டினாலும் அவள் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

மே மாதக் கடைசியில், இரண்டு முனையிலும் வலை கட்டிய ஒரு மைல் நீளக் கால்வாயில் ஐந்து குட்டிகளையும் விட்டார்கள். அல்லி அழுததால் பொட்டையும் சேர்த்து விட்டார்கள். ஐந்தும் இறங்கிய முதல் நாளே, ஆயுளெல்லாம் அங்கேயே கிடந்தவை போல மீன் பிடித்துத் தின்றன. ஒரு பாய்ச்சல்கூட வீணாகவில்லை. பொட்டு பன்னிரண்டு தடவை பாய்ந்து பத்துத் தடவை கோட்டைவிட்டது. ரெஜினா யாருக்கும் தெரியாமல் மீன் போட்டாள். இயக்குநர் அம்மையார் நன்மாறனைக் கைகொடுத்துப் பாராட்டினார். அன்று அவன் வீட்டுக்குப் போய் அல்லியின் தலைச் சுற்றளவை எடுத்தான். எதற்கென்று கேட்டவளிடம், புதுத் தொப்பி வரப்போகிறது என்று மட்டும் சொன்னான்.

ஜூனில் மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கால்வாயில் புதுவெள்ளம் வந்தது. செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கிய செடிகளையும் வாழைத் தண்டுகளையும் புரட்டிக்கொண்டு வந்தது. கரையில் நின்ற யாருக்கும் முதலில் பயமில்லை. நீர்நாய்க்கு வெள்ளம் என்ன புதிதா?

குட்டிகள் வழக்கம்போல இறங்கின. பாறை இருந்த இடத்தில் வழக்கம்போல வலப்பக்கம் திரும்பின. அங்கே பாறை மூழ்கிப்போயிருந்தது, சுழல் இருந்தது. அது அவற்றைத் தூக்கி எறிந்தது. ஐந்தும் உடம்பை விறைத்துக்கொண்டு, நிமிர்ந்து, மறுபடி அதே வலப்பக்கம் திரும்பின. மறுபடி எறிந்தது. மறுபடி அதே திருப்பம். நன்மாறனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரெஜினா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை வீசி நான்கைக் கரையேற்றினாள். மூன்றாம் எண் குட்டி மூழ்கிவிட்டது. கீழ்முனை வலையில் அதை எடுத்தபோது கால்கள் நீந்துகிற நிலையிலேயே விறைத்திருந்தன.

பொட்டைக் காணவில்லை. ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சுழலுக்குள் அது போனதைப் பார்த்தவன் நன்மாறன். அது எதிர்க்கவே இல்லை. சேற்றுச் சரிவில் விடுவதைப் போல உடம்பைத் தொளதொளவென்று விட்டது, தலைகீழானது, பந்தாகச் சுருண்டது, எங்கோ போனது. கால் மைலுக்கு அப்பால் கரையேறி உடம்பைச் சிலிர்த்தது. பிறகு கரையோரமாகவே மேலே ஓடிவந்து, அதே சுழலுக்குள் மறுபடி குதித்தது. இந்த முறை வேண்டுமென்றேதான் குதித்தது.

ரெஜினா செத்த குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான்.

வெள்ளம் ஏன் பாடத்தில் இல்லை என்று இயக்குநர் கேட்டார். நன்மாறன் பழைய பதிவுகளைத் தோண்டினான். இருந்தது. முந்தைய ஆண்டின் வெள்ளம் ஏழு நாளும் பதிவாகியிருந்தது. ஏழு நாளும் அந்தப் பெட்டை புரண்டிருந்தது, இடறியிருந்தது, எங்கெங்கோ அடித்துச் செல்லப்பட்டிருந்தது. முழுக்க முழுக்கத் தடுமாற்றம் என்று அந்த ஏழு நாளையும் ஒரே வெட்டாக வெட்டி எறிந்தவன் அவன்தான்.

வெட்டியதைத் திரும்பச் சேர்த்து, பிழைத்த நான்கு குட்டிகளுக்கும் ஓட்டினான். நான்கும் கத்திக்கொண்டே விழித்தன. அதன்பிறகு தண்ணீர் வாளியைக் கண்டாலே மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. வேறொன்று விழுந்த பதிவு அவற்றின் தலையில் வெறும் பயமாகத்தான் ஏறியது. பொட்டு நாற்பத்தொரு தடவை விழுந்தபோது பயந்திருந்தால் நாற்பத்திரண்டாவது தடவை ஏறியிருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் கணினியை மூடினான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அல்லி படியில் இருந்தாள். ரெஜினா கால்வாயிலிருந்து திரும்பக் கொண்டுவந்திருந்த பொட்டு அவள் மடியில் மல்லாந்து கிடந்தது. அவள் மணிக்கட்டு முழுதாக அதன் வாய்க்குள் இருந்தது. நண்டு ஓட்டை நொறுக்குகிற பல். அவனுக்கு உயிரே போய்விட்டது.

“ஒண்ணும் ஆகாதுப்பா” என்றாள் அல்லி, கையை எடுக்காமலே. “மொதல்ல ஒரு தடவ அழுத்திக் கடிச்சிச்சு. நான் ஆட்டைய நிறுத்திட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அதுக்கு ஆட்டை வேணும்ல? அதுக்கப்புறம் கடிக்கிற மாதிரி கடிக்கும், ஆனா கடிக்காது.”

“எப்போலேருந்து இது?”

“ரொம்ப நாளா. மட்டையத் தூக்கிட்டு ஓடும்ல, என்னால ஓட முடியாதுன்னு அதுக்குத் தெரியும். பாதி வழியில கீழ போட்டுட்டு உக்காந்துக்கும். நான் எடுக்கிற வரைக்கும் இருக்கும். பொட்டுக்கு நான் ஒப்புக்குச் சப்பாணிப்பா.”

ஆட்டத்தில் பெயருக்குச் சேர்த்துக்கொள்கிற பொடிசைப் பிள்ளைகள் அப்படிச் சொல்வார்கள். தொட்டாலும் அவுட் கிடையாது, பிடித்தாலும் கணக்கில்லை. படியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த வார்த்தை எங்கிருந்து கிடைத்தது? அவன் திரும்பிப் பார்த்தான். கதவருகே நின்ற மனைவி செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

விஷயம் வெளியே வந்தது. மூன்று மாதமாக, அவன் வேலைக்குப் போன பிறகு, செவ்வந்தி பிள்ளையைக் குவார்ட்டர்ஸ் முற்றத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். ரெஜினாவின் மகள் ஜோஸ்பினும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் ஓடிப்பிடித்து ஆடுவார்கள். அல்லியை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். நன்மாறன் கத்தினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படிக் கத்தியதில்லை. செவ்வந்தி பதிலுக்குக் கத்தவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே விடுவதில்லை, ஒருத்தர் கைகூட அவள் மேல் படாது என்று மெல்லச் சொன்னாள்.

“அதான்பா போர்” என்றாள் அல்லி. “என்னைய யாருமே அவுட்டாக்க மாட்டேங்கறாங்க.”

அவன் சாப்பிடாமல் போய்ப் படுத்தான்.

மறுநாள் நான்கு குட்டிகளையும் பொட்டோடு ஒரே தொட்டியில் விடச் சொன்னான். பாடம் கலைந்துவிடுமே என்றாள் ரெஜினா. கலையட்டும் என்றான். அந்த நான்குக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. பொட்டு முன்னால் போய்க் குனிந்து வாலை அடித்தால், இவை பல்லைக் காட்டின, இல்லாவிட்டால் மூலைக்கு ஓடின. ஒன்று உண்மையாகவே கடித்துக் காதைக் கிழித்துவிட்டது. பொட்டு கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. பிறகு மறுபடி வந்து, தன்னைவிடப் பெரியதன் முன்னால் மல்லாந்து படுத்தது. தினமும் வேலை முடிந்ததும் நன்மாறன் அங்கே போய் நின்றான். பதினொன்றாம் நாள் இரண்டாம் எண் குட்டி தேங்காய் மட்டையைத் திருடிக்கொண்டு ஓடியது. ரெஜினா கைதட்டினாள்.

அந்த வாரமே இயக்குநர் அழைத்தார். குழந்தைகளுக்கான சோதனைக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றார். நன்மாறன் செத்த குட்டியைப் பற்றிச் சொன்னான். விழாமல் கற்றது விழும்போது உதவவில்லை என்றான். அம்மையார் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார்.

“உங்க பொண்ணு ஆத்துலயா வாழப்போறா? வீடு, ஸ்கூல், ஆபீஸ். வெள்ளமா வரப்போகுது?” என்றார். “இன்னொரு தடவை அவளுக்கு முறியறதை நீங்க பாக்க வேண்டாம். அதை யோசிங்க.”

சம்மதப் படிவத்தை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். வாங்கியது மட்டுமில்லை, போகிற வழியில் பேனாவை எடுத்து அல்லியின் பெயரையும் எழுதிவிட்டான். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவர் சொன்னதில் எது தப்பு? ஏழு முறிவுக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். எட்டாவது வேண்டாம் என்று நினைப்பது ஒரு குற்றமா?

குவார்ட்டர்ஸ் வாசலை அடைந்தபோது மணி ஐந்து. முற்றத்தில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. நடுவில் நாற்காலி காலியாக இருந்தது. அல்லி கம்பிப்பட்டைக் கால்களோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். சுவரோரம் செவ்வந்தி நெஞ்சில் கையை வைத்தபடி நின்றாள்.

அவன் கத்த வாயெடுத்தான். அதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. யாரும் யாரையும் தொடவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். ஜோஸ்பின் பாய்ந்து ஒருத்தியின் நிழலை மிதித்தாள், அவள் அவுட் ஆகி ஓரமாகப் போனாள். தொட்டியின் நிழலுக்குள் தன் நிழலை ஒளித்து வைத்துக்கொண்டு அல்லி நின்றாள். கெட்டிக்காரி.

“அல்லிதான் சொன்னா” என்று செவ்வந்தி அருகே வந்து கிசுகிசுத்தாள். “பொட்டு எனக்காக ஆட்டைய மாத்துச்சுல்ல, நீங்களும் மாத்துங்கன்னு. நாலு நாளா எல்லாருக்குமே இதான் ஆட்டம்.”

தொட்டி நிழலிலேயே நிற்பது கள்ளாட்டம் என்று பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். அல்லி வெளியே வந்தாள். இரண்டு அடி, மூன்று அடி. ஜோஸ்பின் வளைத்துக்கொண்டு வந்தாள். அல்லி பின்வாங்கினாள். கம்பிப்பட்டை கல்லில் தட்டியது.

அவள் விழுந்தாள். நன்மாறனின் காது தானாகவே அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தது. அவள் கையை ஊன்றவில்லை. விறைக்கவும் இல்லை. முழங்கையை வயிற்றோடு சேர்த்து, தாடையை நெஞ்சில் புதைத்து, சேற்றுச் சரிவில் பொட்டு வருவதைப் போலத் தொளதொளவென்று பக்கவாட்டில் உருண்டாள். புழுதி எழுந்தது. வேறு எந்தச் சத்தமும் வரவில்லை.

ஒரு பிள்ளையும் அவளைத் தூக்க ஓடவில்லை. ஜோஸ்பின் நின்ற இடத்தில் நின்று, ஒரு காலை நீட்டி, அல்லியின் நிழல் மேல் வைத்தாள்.

“அல்லி அவுட்டு.”

அல்லி மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள், முழங்காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, நான் அவுட்டாயிட்டேன்” என்றாள். இவ்வளவு சந்தோஷத்தோடு அவள் எதையும் சொல்லி அவன் கேட்டதில்லை.

எட்டாவது முறிவு வரும். அது அவனுக்குத் தெரியும். வரும்போது அவன்தான் தூக்கிக்கொண்டு ஓடுவான், அழுவான். சட்டைப்பையிலிருந்த படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்துச் செவ்வந்தியின் கையில் கொடுத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“நீயும் வரியாப்பா?” என்று அல்லி கேட்டாள்.

தனக்கு ஆடத் தெரியாதே என்றான் நன்மாறன். பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். அங்கிள் நிழல் ரொம்ப நீளம், வந்தவுடனே அவுட்டாகிவிடுவார், அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்றாள் ஜோஸ்பின். அல்லி கொஞ்சம் யோசித்தாள்.

“பாவம், அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. ஒப்புக்குச் சப்பாணியா வெச்சுக்கலாம்.”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குள் இறங்கினான். சாயங்கால வெயிலில் அவன் நிழல் எதிர்ச்சுவர் வரை நீண்டு கிடந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் அதை மாறி மாறி மிதித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவர்கூட அவுட் சொல்லவில்லை.